ஆறு பெரிதென்று எடுத்தவன்

அல் கதீரா
ஷவ்வால் பத்து

பஹ்ரைனில் இருக்கும் என் தம்பி ஹுமைதுக்கு, அக்கா ராயா ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். நீ அனுப்பிய துணி வந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது.

வாப்பாவின் சொத்தைப் பிரித்தாயிற்று. நியாயப்படி, வாப்பாவின் மூத்த தாரமான பெரியம்மாவின் மகன் முஹன்னாவுக்கு ஐந்தில் இரண்டு. உனக்கும் எனக்கும் சேர்த்து ஐந்தில் மூன்று. ஆனால் அவன், "பாதிக்குப் பாதி, அதுலயும் நான்தான் மொதல்ல எடுப்பேன்" என்று சபையில் தொடை தட்டினான். சரி என்றேன். ஏன் என்று கேட்காதே, சொல்கிறேன்.

இருந்தது இரண்டு தோப்பு. இரண்டிலும் அறுபதறுபது பேரீச்சை மரம். நம்மூர்த் தோப்புக்கு வாய்க்காலில் ஐந்து அதர், அதாவது இரண்டரை மணி நேரத் தண்ணீர். பக்கத்து ஊர்த் தோப்புக்கு அந்த ஊர் வாய்க்காலில் ஆறு அதர், முழுசாக மூன்று மணி நேரம். அவன் ஆறை எடுத்தான். "ஆறு பெருசா அஞ்சு பெருசான்னு பால்குடிப் புள்ளைக்கும் தெரியும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நம் ஊரில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தரம் வரும் என்ற முறையை யாரும் சொல்வதில்லையே, எத்தனை அதர் என்றுதான் பேச்சு. முறை எல்லாருக்கும் எட்டு நாள்தானே! மத்ராவில் கடையில் உட்கார்ந்தே வளர்ந்தவனுக்குப் பக்கத்து ஊரில் முறை பன்னிரண்டு நாள் என்பது எங்கே தெரியும்? தண்ணீர்க் கணக்குப் பார்க்கும் கல்பான், "முறை என்னன்னு கேட்டுக்கிட்டீங்களா?" என்று வாயெடுத்தார். "எனக்கே பாடம் நடத்துறியா?" என்று இவன் பாய்ந்தான். அவர் வாயை மூடிக்கொண்டார். நானும்தான்.

இருபத்துநாலு நாளைக்கு நமக்குப் பதினைந்து அதர், அவனுக்குப் பன்னிரண்டு. நியாயப்படி ஐந்தில் மூன்று என்றால் நமக்குப் பதினாறுக்கு மேல் வர வேண்டும். ஆகையால் யாரையும் ஏய்க்கவில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன்.

வாப்பா படுக்கையில் விழுந்த கோடையில் நம்மூர்த் தண்ணீரை அவன்தான் குத்தகைக்கு விட்டிருந்தான்; அதில் ஒரே ஒரு அதர் கேட்டு அவன் வாசலில் நின்றேன். "அழறியே, அந்தத் தண்ணிய மரத்துக்கு ஊத்து" என்றான். உம்மா நட்ட எலுமிச்சை இருபத்திரண்டும் கருகின.

போன வாரம் அவனே வந்தான். தீவனத்துக்குப் போட்ட குதிரைமசால் முழுக்கப் போய்விட்டதாம், பேரீச்சங்காய் பிஞ்சிலேயே உதிர்கிறதாம். "தங்கச்சி, முறைக்கு ஒரு அதராவது விடும்மா" என்றான். தங்கச்சி! நாற்பது வருஷத்தில் முதல் தடவை. பக்கத்து ஊருக்கு நம்ம தண்ணீர் ஏறாது அண்ணே என்றேன். அப்படியானால் விற்றுக் காசாவது கொடு என்றான். காபி ஊற்றினேன், பேரீச்சம்பழம் வைத்தேன். "நீங்க பெருசுன்னு எடுத்ததுதானே அண்ணே" என்றேன். அவன் குடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். என் வயிறு குளிர்ந்தது ஹுமைத், பொய் சொல்ல மாட்டேன்.

அவன் சின்ன மகள் வாசலில் செருப்பில்லாமல் நின்றிருந்தாள். அதை நான் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவன் இப்போது உனக்குக் கடிதம் போடுவான். உன் மனசு எனக்குத் தெரியும். கொடுத்துவிடு அக்கா என்று நீ ஒரு வரி எழுதினால் நான் கொடுத்துவிடுவேன். உன் சொல்லை நான் தட்டியதில்லை. அதனால் அல்லாஹ் உன்னைக் காக்கட்டும் தம்பி, இந்தக் கோடை முடியும்வரை எனக்குக் கடிதம் எழுதாதே.

உன் அக்கா
ராயா