உன் கதையில் வந்தவன் அவன் இல்லை

என் செல்ல அக்காவுக்கு,

உன்னை மாடிப்படியில் தள்ளிக் கொன்றவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். ரதவீதியில் பைக்கில் போகிறான். பார்க்கும்போதெல்லாம் அவன் மண்டையைப் பிளக்கக் கை துடிக்கிறது.

கல்லூரியில் நடத்திய பாடத்தை என் அடுப்படியில் வந்தும் நடத்துவாயே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சின்ன ஊர்களில் இருந்துகொண்டு, ஆம்பளைப் பேரில் நாவல் எழுதிய பெண்கள். இது எந்த வீட்டுக் கதை என்று ஊரே துப்புத் துலக்குமாம். “ஏட்டி, அவளுக பேரை ஒளிச்சாளுக. நான் எதுக்கு ஒளிக்கணும்?” என்றாய். உன் பேரைப் போட்டே சங்கரன்கோவிலை எழுதினாய். சோறு தாமதமானால் பெண்டாட்டியின் கழுத்தில் மிதித்துவிட்டு, பிறகு தன் காலைக் கழுவிக்கொள்கிறவனின் கதை.

பத்திரிகையில் வந்த வாரமே யாரோ ஒரு தறி முதலாளி உன் மாடி வீட்டுக்கு ஏறி வந்தான். நானும் அங்கே இருந்தேன். “என்னையாட்டி எழுதுன?” என்று உன் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். விரல்கள் முறிந்த சத்தம் இன்னும் காதில் கிடக்கிறது. “ஒன்னை யாருன்னே எனக்குத் தெரியாதுவே” என்று அலறினாய். உண்மையைத்தான் சொன்னாய். அவன் நம்பவில்லை; இழுத்துவந்து படியில் தள்ளிவிட்டான்.

உன் பாடையைத் தூக்கியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். “எங்க மதினியத் தொட்டவன் கையை வெட்டுவேம்லே” என்று தெருவில் நின்று கத்தினார். உன் கதையை அவரும் படித்திருந்தார். “எவனோ ஒரு மிருகம்” என்றார். நான் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு நின்றேன். நீ யாரைப் பார்த்து எழுதினாய் என்று நம் இருவருக்கும்தானே தெரியும்?

போன வாரம் அந்த முதலாளியின் மனைவி என்னைத் தேடி வந்தாள். உதடு கிழிந்திருந்தது. “எங்க வீட்டுல நடக்கது ஒங்க அக்காவுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் யார்ட்டயும் சொல்லலியே” என்றாள்.

“அது ஒங்க வீடு இல்ல, எங்க வீடு” என்றேன். வெளியாளிடம் முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னேன். இந்த ஊரில் இன்னும் எத்தனை பேர் காலைக் கழுவுகிறார்கள், அக்கா?

அவள் போனதும் பின்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. “குடும்ப மானத்தை வித்துட்டியாட்டி?” என்று என்னை அடுப்படித் தரையில் தள்ளி மிதிக்கக் காலைத் தூக்கினார். அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லை இழுத்து அந்தக் காலில் வைத்து அழுத்தினேன். தோல் கருகி நாறியது. எனக்கு இரக்கமே வரவில்லை.

நாளை கோர்ட்டில் எனக்குச் சாட்சி. நீ முதலாளியை அவமானப்படுத்தி எழுதியதால்தான் கைகலப்பு என்று அவன் வக்கீல் வாதாடுகிறாராம். கதையில் வருகிறவன் யார் என்று கட்டாயம் கேட்பார். நேற்று என் வீட்டுக்காரன் நொண்டிக்கொண்டே வந்து, “கோர்ட்டுல என் பேர் வந்துச்சுன்னா, ஒங்கக்கா போன இடத்துக்கே ஒன்னையும் அனுப்பிருவேன்” என்றான்.

அனுப்பட்டும். வக்கீல் கேட்டதும் முந்தானையை விலக்கி, கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவனை விரல் நீட்டிக் காட்டுவேன். அவன் பேரை அவன் அப்பன் பேரோடு சேர்த்துச் சொல்வேன். இது உன் மேல் சத்தியம், அக்கா.

உயிரோடு இருக்கும்,
உன் தங்கச்சி