மழைக்குப் போட்ட புகை

ஜன. 17, செவ்வாய்
வெயில். பொங்கலும் போயிற்று, ஒரு தூறல் இல்லை. தை மாதத்தில் குடையில்லாமல் பள்ளிக்கூடம் போன நினைவே எனக்குக் கிடையாது.

மேட்டு ஊற்றுத் தண்ணீர் பீலியில் நூல் மாதிரி விழுகிறது. ஒரு குடத்துக்கு அரை மணி. லயத்தில் வரிசையாய் ஒட்டிய பதினெட்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான்.

லயத்துக்குப் பின்னால் செல்வராசு போட்ட போஞ்சிக் கொடி பூவோடு கருகல். என்னிடம் படித்தவன். "இன்னும் பத்து நாள் தாங்குமா மாஸ்டர்?" என்று கேட்டான்.

லுணுகலை டவுனில் வாங்க: பிரஷர் மாத்திரை, மூக்குக்கண்ணாடி திருகாணி.

ஜன. 19, வியாழன்
பலத்த காற்று. மாத்திரை வாங்கித் திரும்பும்போது பஸ்ஸுக்குள்ளேயே புகை நெடி. லயத்துக்கு மேலே மானாப்புல் மேடு முழுக்க எரிந்து கிடக்கிறது. ஊற்றைச் சுற்றி நின்ற மரங்கள் கரி. ஊற்றிலிருந்து பீலிக்கு வரும் கறுப்புக் குழாய், வெல்லப்பாகு மாதிரி உருகிக் கல்லில் ஒட்டி... தொட்டுப் பார்த்தேன். ஏன் தொட்டேன்? விரலில் கொப்புளம்.

பீலியில் சொட்டு இல்லை. பெண்கள் குடங்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பின்னேரம் செல்வராசு வந்தான். உட்காரவில்லை.

"நாந்தான் வச்சேன் மாஸ்டர். ஓரத்துல ஒரு குவியல்தான். காத்து தூக்கிட்டுப் போயிருச்சு."

"ஏன்டா?"

"மழைக்குத்தான். மானாவுக்குத் தீ வச்சா மழை வரும்னு எல்லாரும் வைக்கிறதுதானே. நீங்களும் ஆறாம் வகுப்புல சொன்னீங்களே, புகை இருந்தாத்தான் மேகத்துல துளி சேரும்னு. ஊதுபத்தி கொளுத்திப் போத்தலுக்குள்ள மேகம் உண்டாக்கிக் காட்டுனீங்க."

காட்டினேன். போத்தலுக்குள் முதலில் வெந்நீர் ஊற்றியதும் நான்தான். ஈரமில்லாத வானத்தில் புகை வெறும் புகை என்று சொன்னேனா? சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஜன. 20, வெள்ளி
மேகமே இல்லை. கொப்புளம் உடைந்தது.

கோயிலடியில் கூட்டம். செல்வராசு ஒப்புக்கொண்டான். பின்னாலிருந்து ஒரு குரல்: "இனி இவன் வீட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது." அவன் மனைவி ஆறு மாதக் கர்ப்பம். எழுந்தேன். பாதித் தப்பு என்னுடையது என்றேன். போத்தல் கதையை ஆரம்பித்தேன். "இப்போ ஓர் உதாரணத்துக்கு..."

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பாக்கியம் விடவில்லை. "ஒங்க உதாரணத்துலதான் மேடே எரிஞ்சு கெடக்கு மாஸ்டர். போதும், எறங்கி வாங்க. ஆத்துல இருந்து தண்ணி தூக்கணும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு அவளே, செல்வராசுவைப் பார்க்காமல்: "அவனையும் கூப்புடுங்க. அவன் வீட்டுக்குக் கடைசியா எடுத்துக்கட்டும். மொதல்ல எங்களுக்குத் தூக்கட்டும்."

ஆறு ஒரு மைல் இறக்கம். ஏறும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். என் குடத்தையும் செல்வராசே வாங்கிக்கொண்டான். அவன் வீட்டுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, ஒரு குடமும்.