பெயரடைவில் ஆறு வடிவம்மாள்

அன்புள்ள அம்மாவுக்கு, மக கலையரசி கும்பிட்டு எழுதுதேன். முட்டுவலி தேவலையா? நான் சுகமா இருக்கேன்.

இங்கன பெங்களூரு ஆபீசில், நம்ம களக்காட்டு நடவுப் பொம்பளைங்க சொன்னதெல்லாம் புத்தகமா வருது. யார் எந்தப் பக்கத்தில் வாறாங்கன்னு நான்தான் பெயரடைவு போடுதேன். வடிவம்மாள்னு உன் பேரை ஒருக்கா குறிச்சு, ஒரு பொத்தானை அமுக்கினேன். கண்ணை மூடித் திறக்குமுன்ன முன்னூறு பக்கத்திலயும் அந்தப் பேர் வந்த இடத்தையெல்லாம் கம்ப்யூட்டர் குறிச்சு வச்சிருக்கு! மலைச்சுப் போனேன். ஆனா ஊரெல்லாம் அம்பாள் பேருல்லா? ஆறு வடிவம்மாளையும் ஒரே ஆளாக்கியிருந்தது.

வாசிச்சு வாசிச்சுப் பிரிச்சேன். எழுபதாம் பக்கத்தில், "நாத்து நடும்போதே வலி கண்டு, வரப்பிலதான் கலையரசியைப் பெத்தேன்"னு ஒருத்தி சொல்லுதா. எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே அம்மா.

கூழ்வத்தலை உன் பழைய சேலையில சுத்தி அனுப்பு. ஆபீஸ் வண்டி வந்துட்டு. அடைவில் ஒரு வரி கூட்டியிருக்கேன்: கலையரசி, 70.