எலுமிச்சம்பழத்துக்கு நின்ற வண்டி

அண்ணே,

இன்று காலை ஆபீஸ் லிஃப்டை யாரோ எலுமிச்சை வாசனைத் தண்ணீரால் துடைத்திருந்தார்கள். மேலே போய்ச் சேரும்வரை என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற மலாய் அம்மா ஓரடி தள்ளி நின்றுகொண்டார். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகியும் உங்களால் வரும் மானக்கேடு எனக்குத் தீரவில்லை.

நகராட்சியில் லைசன்ஸ் கொடுக்கும் பிரிவில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து நாம் போடாத சண்டையா? அதில் பெரிய சண்டை அந்த மருந்து வண்டிக்குத்தான். முழங்கால் உயரம், ஓட்ட ஆள் கிடையாது, கிளினிக்கிலிருந்து சுங்கை பினாங் அடுக்குமாடிக்குத் தானாக மருந்து கொண்டுபோகும். இதற்கென்று நம்மிடம் விதியே இல்லை, வேண்டாமென்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்போம் என்றேன் நான்.

"விதி வர்ற வரைக்கும் உலகம் நிக்குமா? ஒரே ஒரு தெருவுல விட்டுப் பார்ப்போம். ஆனா கண்ண எடுக்காம பார்ப்போம். அப்புறம் விதி எழுதலாம் லா" என்றீர்கள் நீங்கள்.

டைரக்டர் அரைமனதோடு சம்மதித்தார். முதல் நாளே சொதப்பினால் நம் பிரிவை மூடிவிட்டு, இரண்டு பேரையும் நாய் லைசன்ஸ் கவுண்டருக்கு அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார். எனக்கு நாய் என்றாலே நடுக்கம். உங்களுக்குத் தெரியும்.

அந்த நாளும் வந்தது. அடுக்குமாடி அக்காமார்கள் விடுவார்களா? புது வண்டி ஆயிற்றே! பூசாரியைக் கூட்டி வந்து, மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழங்களையும் வைத்துவிட்டார்கள். தேங்காய் உடைந்தது. டைரக்டர் கைதட்டினார். வண்டி நகரவில்லை. "வழியில் தடை உள்ளது" என்று மலாயில் வெகு பணிவாகச் சொன்னது. எதன்மேலும் ஏறாதே என்றுதானே அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம்!

"பழத்த எடுத்துடுங்க" என்றார் டைரக்டர்.

"வச்ச பழத்த எடுக்கக் கூடாதுங்க. நசுங்கணும்" என்றார் பூசாரி.

கம்பெனியின் சீனப் பெண் ஓடிவந்தாள். தடை பார்த்து நிற்பதை ஒரு நிமிடம் அணைத்துவைக்கலாம், ஆனால் அதிகாரி சம்மதிக்க வேண்டும் என்றாள். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். எக்காரணம் கொண்டும் அதை அணைக்கக் கூடாது என்று எழுதிவைத்த மகானே நீங்கள்தானே!

"சரின்னு சொல்லுங்கண்ணே, நாய் கடிச்சே நான் செத்துருவேன்" என்று காதில் கெஞ்சினேன்.

"பழத்துக்கு ஒரு தடவ அணைச்சா, நாளைக்கு அவசரம்னு ஒருத்தன் வந்து நிப்பான். முடியாது" என்றீர்கள். டைரக்டர் கார் சாவியை வெளியே எடுத்துவிட்டார். நீங்களோ நிதானமாகப் பூசாரியிடம் போய், "ஐயா, வண்டிதான் நசுக்கணுமா, இல்ல வேற யாராச்சும் நசுக்கலாமா?" என்று கேட்டீர்கள். பாவம், அவரிடம் இதுவரை யாருமே அப்படிக் கேட்டதில்லை. தாடியைத் தடவி யோசித்தார்.

"இந்த வண்டிக்குப் பொறுப்பு யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்களே மிதிங்க."

ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர், பளபளவென்று துடைத்த சப்பாத்தோடு ஒவ்வொரு பழமாக மிதித்தீர்கள். கடைசிப் பழத்தின் சாறு நேராக டைரக்டரின் கால்சட்டையில் பாய்ந்தது. நசுங்கியதைக் கூட்டித் தள்ளியதும் வண்டி "தெரிமா காசே" என்று நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியது. தெருவே ஆர்ப்பரித்தது. நான் நடைபாதையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அண்ணே, இப்போது உங்கள் நாற்காலியில் நான். இன்று மதியம் வானத்தில் பறக்கும் ட்ரோனில் சாமான் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். "விழுந்தா யாரு பொறுப்பு?" என்றேன். "சிஸ்டம்தான் மேடம்" என்றான் ஒருவன். "சிஸ்டத்துக்கு வீடு எங்க இருக்கு? நான் போய் யாரு கதவத் தட்டுறது?" என்று கேட்டேன். கடைசியில் முதலாளியே கையைத் தூக்கினார். தூக்கியவர் சும்மா இருந்தாரா? "விட்டுப் பார்க்கச் சொன்னதுக்கு யாரு பொறுப்பு மேடம்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார்.

"நான்தான்" என்றேன்.

வாய்தான் சொன்னது. மேசைக்கடியில் முழங்கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடின. அன்றைக்கு உங்களுக்கும் இப்படித்தான் ஆடியதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல், பக்கத்தில் வந்து நின்றிருப்பேனே அண்ணே.