நூலை வெட்டச் சொன்னவள் எழுதுகிறேன், கௌசி

என் கௌசிக்குட்டிக்கு,

வருகிற வெள்ளியோடு நீ போய் ஒரு வருசம். நம் மஹய்யாவ வீட்டில் திவசத்துக்கு ஆயத்தம் நடக்கிறது. நாவலப்பிட்டிப் பெரியம்மா மூன்று நாள் முன்னதாகவே வந்து முன்கதிரையைப் பிடித்துவிட்டார். டீக்கு மேல் டீ குடித்தபடி, வருகிறவர்களுக்கெல்லாம் உன் சாவுக்குக் காரணம் விளக்குகிறார்.

"காவல் நூல வெட்டிட்டாங்க, புள்ள போயிருச்சு. வெட்டச் சொன்னது யாருங்கிறீங்க? கூடப் பொறந்தவ!"

ஆமாம், நான்தான். உன் இரண்டு கையிலும் முழங்கை வரை நூல். கோவில் நூல், புத்த பன்சலையில் பிரித் ஓதிக் கட்டிய நூல், பள்ளிவாசலில் ஓதிய நூல், வத்தேகமப் பூசாரியின் கறுப்புக் கயிறு. ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற நரம்பு தேடிக் களைத்த நர்ஸ், "வெட்டவா மிஸ்?" என்று கேட்டாள். வெட்டுங்கள் என்றேன்.

அதற்கு முந்திய மூன்று வாரம் பெரியம்மாவின் வைத்திய ஞானத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த நீ திடீரென்று ஆட்களை ஏசினாய், தூங்காமல் நடந்தாய், வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டே இருந்தாய். "மோகினி" என்றார் அவர். மாமா "லவ் பெயிலியர்" என்றார். வேப்பிலைக்கு அலைந்த கூட்டத்தில் ஒருத்தருக்காவது டொக்டர் ஞாபகம் வந்ததா? நான் மட்டும் என்ன ஒழுங்கு? உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிற மகராசி, "நடிக்காதடி" என்று உன்னை அறைந்தேன். தூ!

மோகினியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. மூளையில் ஒரு நரம்புக்கலம் அடுத்ததை எழுப்ப குளுட்டமேட் என்கிற இரசாயனத்தை விடுகிறது. அதைப் பிடிக்கும் வாங்கிகள் பலவகை. அம்பா என்கிற வகை, குளுட்டமேட் பட்டவுடன் திறக்கும். கைனேட் அதன் பக்கத்து உறவு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். இன்னொரு கூட்டம் தான் திறக்காமல் உள்ளே சேதி அனுப்பி, ஆறுதலாக வேலை பார்க்கும். என்.எம்.டி.ஏ. மட்டும் லேசில் மசியாது. அதன் வாயை மக்னீசியம் அடைத்திருக்கும். குளுட்டமேட்டும் வர வேண்டும், கலமும் ஏற்கெனவே விழித்திருக்க வேண்டும். அப்போதுதான் அடைப்பு விலகி, கல்சியம் உள்ளே போய், ஞாபகம் படியும். கிருமியை எதிர்க்க வேண்டிய பிறபொருளெதிரிகளை உன் உடம்பே உனக்கெதிராக உண்டாக்க, அவை அந்த என்.எம்.டி.ஏ. வாங்கிகளைப் பிடித்துக் கலத்தின் மேலிருந்து இல்லாமல் ஆக்கின. ஏச்சு, வலிப்பு, கடைசியில் இதயத் துடிப்பு தாறுமாறானது, எல்லாம் அதனால்தான்.

பெரியம்மாவை நம்பி அம்மா ஒரு வருசமாக என்னோடு பேசுவதில்லை. பொறுக்க முடியாமல் போன ஞாயிறு கொப்பியில் இதையெல்லாம் படம் கீறிக்கொண்டு போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசி வரை கேட்டார். பிறகு கேட்டார்:

"அப்ப, மொத வாரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா, புள்ள பொழச்சிருக்குமா?"

"கொஞ்சம் பாப்போம், கொஞ்சம் பாப்போம்" என்று உன்னை வீட்டில் வைத்திருந்தது அம்மாதான் கௌசி. முதல் நூலைக் கட்டியதும் அவர்தான். நேரத்தோடு போனால் அநேகம் பேர் தப்பிவிடுகிறார்கள். எனக்கு அது தெரியும். அவர் கொப்பியை விட்டு என் முகத்தையே பார்த்தார்.

"இல்லம்மா," என்றேன். "நூல வெட்டியிருக்கக் கூடாது. என் தப்புதான்."

அம்மா ஓவென்று அழுதார். என்னைத் திட்டித் திட்டி அழுதார்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. பெரியம்மா, இந்தக் கடிதத்தை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டினீர்களோ, அப்புறம் இருக்கிறது!

வெள்ளிக்கிழமை பெரியம்மா மறுபடி ஆரம்பிப்பார். நான் வாய் திறக்க மாட்டேன், உன்மேல் சத்தியம். அம்மா இருக்கிற காலம் வரை என்னையே திட்டட்டும்.

இனி யாருக்கும் அக்கா இல்லாத,
உன் அக்கா