பதினேழாம் நம்பர் கேஸ் தாள்

8 ஜூன் 1987, திங்கள்
காலையிலேயே அனல். கிளினிக்கில் நிற்க இடமில்லை. சிரிஞ்சு கொதிக்கவைக்கும் ஸ்டவ் ரிப்பேர்.
ஒத்தக்கடைக் கல்லூரிப் பேராசிரியர் மறுபடி வந்தார். எந்தக் காய்ச்சலை எப்படிக் கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு மாதமாகக் கேட்டு எழுதிக்கொண்டாரே, அத்தனையும் இப்போது கம்ப்யூட்டருக்குள்.
"இன்னும் இருபது வருசந்தான் டாக்டர். டாக்டரு, வக்கீலு, வாத்தியாரு, அம்புட்டுப் பேரு மூளையும் அதுக்குள்ள வந்துரும்."
சிரித்தேன். சோதித்துப் பார்க்கப் பழைய கேஸ் தாள்கள் நாற்பது கொடுத்தேன். பெயர்களை மறைத்து, நம்பர் போட்டு.

10 ஜூன், புதன்
பேராசிரியர் தாள்களோடு வந்தார். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் கம்ப்யூட்டருக்கும் எனக்கும் ஒரே பதில்.
"பதினேழு மட்டும் இடிக்குது. நீங்க டைபாய்டுன்னு போட்டிருக்கீங்க. இது மூளைக்காய்ச்சல்ங்குது. உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுது."
தாளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. திருமங்கலம் செல்வி. ஆறு வயது. காய்ச்சல், வாந்தி, கழுத்தில் லேசான விறைப்பு. என் கையெழுத்துதான். அந்த விறைப்பை எழுதியிருக்கிறேன், எழுதிவிட்டு யோசிக்கவில்லை. அன்று கூட்டம், மதியச் சாப்பாடும் இல்லை. நான்காம் நாள் போய்விட்டாள்.
"மிஷின் தப்பாச் சொல்லுதோ?"
"இல்லை. சரி."
"சொல்லிக்குடுத்தது நீங்கதானே டாக்டர்!" அவருக்கு ஒரே சந்தோஷம்.

11 ஜூன், வியாழன்
எனக்குத் தெரிந்ததுதான் அந்த மிஷினுக்கும் தெரியும். அதற்குப் பசி இல்லை, களைப்பு இல்லை. அந்த இருபது வருஷம் சீக்கிரம் வரட்டும் என்று ஒரு நிமிஷம். வரவே கூடாது என்று அடுத்த நிமிஷம்.
வாங்க: பஞ்சு, டெட்டால், ஸ்டவ் வாஷர்.
செல்வியின் அப்பா மாரிச்சாமியிடம் சொல்வதா?

13 ஜூன், சனி
மாரிச்சாமியே வந்தார். சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு. இருமல்.
"நீங்க தொட்டாப் போதும் டாக்டரம்மா."
மடியில் வைத்துக்கொண்டேன். கழுத்தை மூன்று தடவை மடக்கிப் பார்த்தேன். வெறும் சளி. சீட்டு எழுதினேன். நர்ஸை வெளியே அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினைப் பற்றியும்.
குழந்தை என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தபடி.
"அந்த மிசினு எங்கம்மா இருக்கு?"
"ஒத்தக்கடைல. காலேஜ்ல."
"திருமங்கலத்துக்கு வருமா?"
"எப்ப வரும்னு தெரியலைங்க."
குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மருந்துச் சீட்டு மேஜையிலேயே.