துணிப்பொம்மை பிழைத்தாளா?

என் பாக்கியத்துக்கு,

இதை நானே எழுதுகிறேன். சிரிக்காதே. தோல் பதனிடும் ஷாப்பில் சாயங்காலம் வேலை விட்டதும் நடக்கும் முதியோர் வகுப்பில் எட்டு மாதம் உட்கார்ந்தேன். ஒரு வரி எழுத ஒரு டீ ஆறிப்போகிறது. ஆனாலும் எழுத்து என் பேச்சைக் கேட்கிறது, பாக்கியம்!

ஆம்பூர் ஸ்டேஷன் கடையில் நீ வாங்கிய புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? பொம்மைகள் உயிர் பெற்றுக் கப்பலேறும் கதை. "புள்ள இல்லாத வூட்டுக்கு இது எதுக்குடி?" என்றேன். "நாம ரெண்டு பேர் இல்ல?" என்றாய். தினம் ஒரு பக்கம் எனக்குப் படித்துக் காட்டினாய். அடுத்த பக்கத்தை நீகூட எட்டிப் பார்க்க மாட்டாய்.

கடைசியாகப் படித்த அன்று புயலில் கப்பல் ஓட்டையாகிவிட்டது. மரக்குதிரையும் தகர யானையும் தண்ணீர் இறைத்து ஓய்ந்தன. துணிப்பொம்மை தன் உடம்பையே ஓட்டைக்குள் திணித்துக்கொண்டாள்.

"அவ அவ்ளோதான். ஊறின துணி மக்கிடும்," என்றேன்.

"உனக்குத் தோலைத் தவிர இன்னாய்யா தெரியும்? பொழைப்பா பாரு," என்று சொல்லி இருமினாய். மறுநாள் ஆஸ்பத்திரி. நீ திரும்பி வரவில்லை.

வேறு யாரையும் படிக்கச் சொல்ல மனசு வரவில்லை. பூச்சி அரிக்காமல் இருக்கட்டும் என்று, பச்சைத் தோலுக்குப் போடுவதுபோல் தாளுக்குத் தாள் உப்புத் தூவி, துணியில் கட்டிப் பரணில் வைத்தேன். தோல் கெடாதே, காகிதம் மட்டும் கெடுமா?

போன வாரம் பிரித்தேன். உப்பு மழைக்காலத்து ஈரத்தையெல்லாம் குடித்து, கடைசித் தாள்கள் அட்டையாக ஒட்டிப்போயிருந்தன. வேறொன்று கேட்டதற்கு ஸ்டேஷன் கடைக்காரர், "அது இப்ப வர்றதில்ல பெரியவரே," என்றார். துணிப்பொம்மை பிழைத்தாளா என்பது அந்த அட்டைக்குள்தான் இருந்தது.

வெந்நீர் ஆவியில் காட்டி, மூங்கில் சீவலை நுழைத்தேன். நாற்பது வருஷம் தோலில் ஓட்டை விழாமல் சதை சீவிய கை. அதுவும் அவசரப்பட்டது. ஒரு மூலை கிழிந்து இரண்டு வரி போனது. அதில் என்ன இருந்ததோ? மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் மெதுவாகத் தள்ளினேன். தாள் பிரிந்தது.

எழுத்துக் கூட்டினேன். கப்பல் ஒரு தீவில் ஒதுங்குகிறது. அவளை உருவி எடுத்துப் பாய்மரத்தில் காயப் போடுகிறார்கள். கண் மை கரைந்துவிட்டது. முதல் நாள் அசைவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. தாளைத் திருப்பப் பயந்து எழுந்து வாசல்வரை போய் வந்தேன்.

மூன்றாம் நாள் காலை கண் திறந்து கேட்கிறாள்: "கப்பல் ஏன் நிற்கிறது?"

நீதான் ஜெயித்தாய். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜமீலா ஓடிவந்தாள். "இன்னா ஆச்சு பெரியவரே?" "பொழைச்சிட்டாம்மா!" யார் என்று கேட்காமலே, "அல்லா காப்பாத்தினான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாலாற்றங்கரையில் உன்னை வைத்த இடத்துக்குப் புத்தகத்தோடு வருவேன். நீ கேட்காமல் போன பக்கங்களை கிழிந்த இரண்டு வரி தவிர ஒரு எழுத்தும் விடாமல் படித்துக் காட்டுவேன். நான் திக்கி நிற்கிற இடத்தில் சொல்லிக் கொடுத்துவிடாதே. நானே கண்டுபிடித்துக்கொள்வேன்.

உன் புருஷன்,
முனுசாமி